வீடு திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும்?



போன மாதம் நம் வட்டாரக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு, உள்கடன் எல்லாம் பேசி முடித்து டீ குடிக்கும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்டோம். "உயிருக்கு இன்சூரன்ஸ் இருக்கு. கறவை மாட்டுக்கு இருக்கு. வண்டிக்கு, போலீஸ் பிடிப்பாங்கன்னு போட்டிருக்கோம். குடியிருக்கிற வீட்டுக்கு யாரெல்லாம் போட்டிருக்கீங்க?"

கை தூக்கியது மூன்று பேர்தான். அதில் இரண்டு பேருக்கு எவ்வளவு தொகைக்குப் போட்டிருக்கிறது என்றே தெரியவில்லை. "வீட்டுக் கடன் வாங்கும்போது பேங்க்ல பிடிச்சுக்கிட்டாங்க" என்று மட்டும் சொன்னார்கள். மூன்றாவதாகக் கை தூக்கிய அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் அதைத் தெரிந்துகொண்டது பட்ட பிறகு. அவர் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது நம்மில் பலருக்கு மறக்காது. அன்றைக்கு அந்த அக்கா வீட்டின் மேல் பக்கத்துக் கொல்லைத் தென்னை இரண்டு விழுந்தது. ஓட்டுக்கூரை போச்சு, ஒரு பக்கச் சுவர் போச்சு, சமையல்கட்டு நொறுங்கியது. சரிசெய்ய 90,000 ரூபாய் ஆகும் என்று கணக்கு. வீட்டுக்கு 2,00,000 ரூபாய்க்குப் பாலிசி இருந்தது. அதனால் 90,000 அப்படியே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். முடிவான தொகை 30,000. அதுவும் கையில் வரவில்லை, கடன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. அக்கா குழுவில் உள்கடன் வாங்கி, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத்தான் சுவரை எழுப்பினார்.

"ஏமாத்திட்டாங்க" என்று அவர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பாலிசியை எடுத்து உட்கார்ந்து படித்துப் பார்த்தோம். அந்த மாதிரிப் பாலிசியில் அப்படித்தான் விதி. போடும்போது அதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை, அதுதான் நமக்கு வருத்தம்.

90,000 எப்படி 30,000 ஆச்சு?

அக்காவுக்கு 400 சதுர அடி வீடு. அப்போது அங்கே கட்டுமானம் சதுர அடி 1,500 ரூபாய் என்று சர்வேயர் போட்டார். மொத்தமாகத் திரும்பக் கட்டினால் 6,00,000 ஆகும். ஆனால் பாலிசி 2,00,000-க்குத்தான். ஏன் 2,00,000? அவர் வாங்கிய கடன் அவ்வளவு. பேங்க் தன் கடனுக்குப் பாதுகாப்பாக அந்தத் தொகைக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டது. மீதி நாலு லட்சம் அவர் சீட்டு எடுத்தும், நகை விற்றும், மாமனார் கொடுத்தும் போட்ட பணம். அந்தப் பணத்துக்குப் பாலிசியில் இடமே இல்லை.

பழைய தீ இன்சூரன்ஸ் பாலிசிகளில் 'சராசரி விதி' என்று ஒன்று உண்டு. ஆறு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு இரண்டு லட்சத்துக்குத்தானே பிரீமியம் கட்டினீர்கள், மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் எந்த நஷ்டம் வந்தாலும் மூன்றில் ஒரு பங்குதான் தருவோம் என்பது அந்த விதி. 90,000-இல் மூன்றில் ஒரு பங்கு 30,000. நஷ்டம் பாலிசித் தொகைக்குள்ளேதானே இருக்கிறது என்று வாதாடிப் பிரயோசனம் இல்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. தீ இன்சூரன்ஸ் தொழில் செய்யும் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் இதைத் தர வேண்டும். கம்பெனி எதுவானாலும் அடிப்படை விதி ஒன்றே. இதில் வீட்டுக் கட்டடத்துக்குச் சராசரி விதி கிடையாது. இன்றைக்கு அக்காவுக்கு அதே நஷ்டம் வந்து இந்தப் பாலிசி இருந்தால் 90,000-மும் கிடைக்கும்.

அப்படியானால் குறைந்த தொகைக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? ஒரு தங்கச்சி இதைத்தான் கேட்டார். கூடாதும்மா. சுவரோ கூரையோ போனால் சரி, முழு வீடும் போனால்? பாலிசியில் எழுதிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வராது. இரண்டு லட்சம் எழுதியிருந்தால் இரண்டு லட்சம்தான். அதை வைத்து அஸ்திவாரமும் நாலு வரிசைச் செங்கலும் எழும்பும். மீதிக்கு மறுபடி வட்டிக்காரரிடம் போய் நிற்க வேண்டும்.

எந்தத் தொகையை எழுதுவது?

இங்கேதான் நம் பெண்கள் நிறையப் பேர் தடுமாறுகிறோம். கூட்டத்தில் ஆளுக்கு ஒரு தொகை சொன்னார்கள்.

"எங்க வீடு ரோட்டு மேல இருக்கு. வித்தா இருபது லட்சம் போகும். இருபதுக்கே போட்டுடலாமா?" என்றார் ஒருவர். விற்கிற விலையில் பாதிக்கு மேல் மனையின் விலை. புயல் அடித்தாலும் தீப்பிடித்தாலும் மனை அங்கேயேதான் கிடக்கும். திரும்பக் கட்ட ஆகிற செலவைத்தான் கம்பெனி தரும். இருபது லட்சத்துக்குப் போட்டால் பிரீமியம்தான் வீணாகக் கூடும்.

"அரசு வீடு கட்ட 3,50,000 குடுத்தாங்க, அதையே எழுதிடலாம்" என்றார் இன்னொருவர். கலைஞரின் கனவு இல்லத்தில் வீடு வாங்கியவர் அவர். 2024-இல் வந்த அந்தத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் மானியம். சரி, அந்த வீட்டை அந்தப் பணத்துக்குள்ளேயா முடித்தார்? குழுக்கடன் ஒரு லட்சம், அண்ணன் கொடுத்தது, மரம் விற்றது என்று அவரே விரல் விட்டு எண்ணினார். மானியம் என்பது அரசு கொடுத்த பங்கு. வீட்டின் செலவு அதைவிடக் கூட.

"எங்களது முப்பது வருஷப் பழைய வீடு, மதிப்பே இருக்காது" என்றார் ஒரு பெரியம்மா. இது நல்ல கேள்வி. சில பாலிசிகளில் பழசானதற்குத் தேய்மானம் கழித்து, மீதியைத்தான் தருவார்கள். ஆனால் மேலே சொன்ன பொதுப் பாலிசி கட்டடத்தை 'மறுகட்டுமான' முறையில் எடுத்துக்கொள்கிறது. அதாவது அதே மாதிரி, அதே அளவு வீட்டை இன்றைக்குப் புதிதாகக் கட்ட என்ன ஆகுமோ அதுதான் கணக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னால் 60,000 ரூபாயில் கட்டியிருந்தாலும் இன்றைய கொத்தனார் கூலிக்கும் இன்றைய கம்பி, சிமெண்ட் விலைக்கும்தான் தொகை எழுத வேண்டும்.

ஆக விற்கிற விலை, கடன் தொகை, மானியம், அன்று கட்டிய செலவு, இந்த நாலில் எதையும் எழுதக் கூடாது. இன்று திரும்பக் கட்ட எவ்வளவு? அது ஒன்றுதான்.

டேப்பை எடுங்க, அளந்து பார்ப்போம்

கூட்டம் முடிந்து நாங்கள் ஆறு பேர் ஊக்குநர் வீட்டுக்கே போய் அளந்தோம். ஊர்க் கொத்தனார் அண்ணனையும் கூப்பிட்டிருந்தோம். வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் 30 அடி நீளம், 15 அடி அகலம். 450 சதுர அடி. "இப்ப இந்த மாதிரி வீடு கட்ட என்னண்ணே ஆகும்?" என்றோம். ஒட்டு வீடு, சாதா டைல்ஸ், கக்கூஸ் சேர்த்துச் சதுர அடிக்கு 2,000 என்றார். உங்கள் ஊரில் வேறு ரேட்டாக இருக்கும், உங்கள் கொத்தனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 450 பெருக்கல் 2,000 என்றால் 9,00,000.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நாங்களே முதலில் தப்பாகப் போட்டோம், அதனால் விளக்கமாகச் சொல்கிறோம். இன்சூரன்ஸ் பாரத்தில் கேட்பது 'கார்ப்பெட் ஏரியா', அதாவது சுவருக்கு உள்ளே நாம் பாய் விரிக்கிற இடம். கொத்தனார் ரேட் சொல்வதோ வெளி அளவுக்கு, சுவரின் கனத்தையும் சேர்த்து. உள்ளே அளந்தால் அந்த வீடு 370 சதுர அடிதான் வந்தது. 370-ஐ 2,000-ஆல் பெருக்கினால் 7,40,000. பார்த்தீர்களா, 1,60,000 ரூபாய் சத்தமில்லாமல் குறைந்துவிட்டது! வீடு முழுசாகப் போனால் அந்த 1,60,000 நம் தலையில்.

அதனால் முதலில் வெளி அளவை வைத்து மொத்தச் செலவைக் கண்டுபிடியுங்கள். அது 9,00,000. பிறகு அதை உள் அளவால் வகுத்து ரேட்டை எழுதுங்கள். பாரத்தில் சதுர மீட்டரில் கேட்பார்கள். சதுர அடியை 10.76-ஆல் வகுத்தால் சதுர மீட்டர். 370 சதுர அடி என்றால் சுமார் 34.4 சதுர மீட்டர். 9,00,000-ஐ 34.4-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 26,160 ரூபாய். பாரத்தை நிரப்பும் ஏஜெண்ட் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். பிள்ளைகளின் செல்போனில் கால்குலேட்டர் இருக்கிறது.

காம்பவுண்டு சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, தனியாகக் கட்டிய கக்கூஸ் இவற்றுக்கும் செலவு போட்டுத் தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதாததைப் பிறகு கேட்க முடியாது.

கட்டுமானச் செலவு வருஷா வருஷம் ஏறுகிறதே, அதற்கு? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு எடுத்தால் ஒவ்வொரு வருஷமும் தொகை 10 சதவீதம் தானாகவே ஏறும். பத்து வருஷம் வரைக்கும் எடுக்கலாம். வருஷா வருஷம் புதுப்பிக்கிறவர்கள் புதுப்பிக்கும் நேரத்தில் கொத்தனாரிடம் ரேட்டை மறுபடி கேட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். வீட்டின் மேல் ஒரு ரூம் எடுத்தாலும் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

பிரீமியம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்டார்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை பைசா என்றுதான் கணக்கு, அதோடு ஜி.எஸ்.டி. சேரும். மூன்று கம்பெனியில் எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பாலிசி ஒன்றேதான் என்பதால் ஒப்பிடுவது சுலபம்.

எதெல்லாம் கிடைக்கும், எது கிடைக்காது

தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், சுனாமி, பூகம்பம், மண்சரிவு, மரமோ வண்டியோ வந்து மோதுவது, கலவரம் இவையெல்லாம் இதில் அடக்கம். சிலிண்டர் வெடித்தாலும் உண்டு. கட்டடத்துக்குப் போட்டாலே வீட்டுச் சாமானுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகச் சேரும். ஊக்குநர் வீட்டுக் கணக்கில் அது 1,80,000. கட்டில், பீரோ, டிவி, கிரைண்டர், துணிமணி இதில் வரும். இடிபாட்டை அள்ளிப் போட கிளைம் தொகையில் 2 சதவீதம் வரையும், இன்ஜினீயர் போன்றவர்களின் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் தருவார்கள். வீடு திரும்பக் கட்டும் வரை வெளியில் வாடகைக்கு இருந்தால் அந்த வாடகைக்கும் வழி இருக்கிறது, எவ்வளவு என்பதைப் பாலிசி ஷெட்யூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடைக்காதது: பணம், பத்திரம் முதலான ஆவணங்கள். ஊக்குநர், பிரதிநிதிகள் இதைக் கவனிக்க வேண்டும். குழுப் பணம் டப்பாவில் இருந்து எரிந்து போனால் எந்த வீட்டுப் பாலிசியும் தராது. வசூல் அன்றைக்கே பேங்கில் போடச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். நகைக்குத் தனியாக எடுத்துக்கொண்டால்தான் உண்டு. சாதாரணத் திருட்டு இதில் வராது. புயல், தீ மாதிரி நடந்து ஏழு நாளைக்குள் அதனால் ஏற்படுகிற திருட்டு மட்டும் வரும். கரையான், ஓதம், பழசாகி விழுந்த காரை, புது வீடு இறங்கி விடுகிற விரிசல் எதற்கும் கேட்க முடியாது. தையல் மெஷின், மாவு அரைக்கிற மெஷின் மாதிரித் தொழில் சாமான் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கூரை வீட்டுச் சகோதரிகளுக்கு ஒன்று. கீற்று, வைக்கோல், மூங்கில், பலகை, தார்ப்பாய் இவற்றால் ஆன சுவரோ கூரையோ இருந்தால் இன்சூரன்சில் அதைக் 'கச்சா' கட்டுமானம் என்பார்கள். அதை மறைத்து எழுதினால் கிளைம் நேரத்தில் அதுவே காரணமாகிவிடும். உள்ளது உள்ளபடி எழுதி, ஏற்றுக்கொள்கிறீர்களா, பிரீமியம் என்ன என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். முன்பக்கம் ஒட்டு, பின்பக்கம் கீற்றுக் கொட்டகை என்று இருப்பவர்களும் இரண்டையும் சொல்ல வேண்டும்.

"வீடு விழுந்தா கவர்மெண்ட் குடுக்காதா?" என்று ஒருவர் கேட்டார். கொடுக்கும். 2022 முதல் 2026 மார்ச் வரைக்கான மத்திய அரசு நிவாரண விதிமுறையில் சமவெளிப் பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். 15 சதவீதத்துக்குக் குறையாமல் சேதமான கல்வீட்டுக்கு 6,500. குடிசைக்கு 8,000. அவசரத்துக்கு அது பெரிய உதவிதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஊக்குநர் வீட்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்: அங்கே ஒன்பது லட்சம், இங்கே ஒன்று இருபது. 436 ரூபாய், 20 ரூபாய் கட்டுகிற பிரதமர் திட்டங்கள் இரண்டும் உயிருக்கும் விபத்துக்கும்தான், வீட்டுக்கு இல்லை. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறோம்.

பட்டா யார் பேரில்?

பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. வீடு மாமனார் பேரில் இருக்கும், கடன் நம் பேரில் இருக்கும், பிரீமியம் நம் நூறு நாள் வேலைப் பணத்தில் போகும். கிளைம் வரும்போது முதல் கேள்வியே வீடு யாருடையது என்பதுதான். உரிமை இல்லாதவர் பேரில் பாலிசி இருந்தால் சிக்கல். அதனால் உரிமையாளர் பேரைச் சேர்த்தே எடுங்கள். பட்டாவைக் கூட்டாக மாற்ற முடிகிறவர்கள் அதற்கான வேலையை இப்போதே ஆரம்பிக்கலாம். இதை வீட்டில் எப்படிப் பேசுவது என்று தனியாகவே ஒரு கூட்டம் போடலாம், அவ்வளவு இருக்கிறது.

கடன் உள்ளவர்கள் பேங்குக்குப் போய், "எங்க வீட்டுப் பாலிசி காப்பி குடுங்க சார்" என்று கேளுங்கள். பிரீமியம் நம் கணக்கிலிருந்துதான் போகிறது, கேட்க நமக்கு உரிமை உண்டு. தொகை கடன் அளவுக்குத்தான் இருந்தால் கூட்டச் சொல்லுங்கள். கடன் பாக்கி இருக்கும் வரை கிளைம் பணத்தில் பேங்குக்கு முதல் உரிமை இருக்கும். முழுத் தொகைக்குப் போட்டிருந்தால்தான் பாக்கி கழிந்தும் வீடு கட்ட நம் கையில் ஏதாவது நிற்கும்.

ஏதாவது நடந்துவிட்டால்

உயிரும் பிள்ளைகளும் முதலில். அதற்கப்புறம், இடிபாட்டை அள்ளுவதற்கு முன்னால் செல்போனில் படம் எடுங்கள், நாலு பக்கமும். நாம் பெண்கள் வீடு அலங்கோலமாக இருந்தால் பார்க்கச் சகிக்காமல் உடனே கூட்டிப் பெருக்கிவிடுவோம். சர்வேயர் வரும்போது அடையாளமே இருக்காது. கூரைக்குத் தார்ப்பாய் போட்டு மேலும் நனையாமல் பார்த்துக்கொள்ளலாம், போடவும் வேண்டும். உடைந்த சாமானை ஓரமாகக் குவித்து வையுங்கள். கம்பெனிக்கு அன்றைக்கோ மறுநாளோ சொல்லிவிட்டு, புகார் எண்ணை நோட்டில் எழுதுங்கள். தீயானால் தீயணைப்பு நிலையத்திலும், திருட்டு, கலவரமானால் போலீசிலும் எழுதிக்கொடுக்க வேண்டும். நஷ்டத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாளைக்குள் கிளைம் பாரம் போய்ச் சேர வேண்டும்.

தொகை குறைத்தாலோ மறுத்தாலோ காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே எழுதிப் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு ஒரு வருஷத்துக்குள் எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆணையத்தின் இலவச எண் 155255.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர்களின் வீட்டு வெளி அளவு, உள் அளவு இரண்டையும் எழுதிக்கொண்டு வரவும். பட்டா நகல், வீட்டு வரி ரசீது, கடன் உள்ளவர்கள் பாலிசி நகல் கொண்டு வரவும். கொத்தனார் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். டேப் இல்லாத குழுக்கள் கூட்டமைப்பு அலுவலகத்தில் வாங்கிப் போய் அளந்துவிட்டு மறக்காமல் திருப்பித் தரவும்.